தண்ணி டேங்க் திருப்பத்தில் முப்பத்தெட்டு

எங்கள் ஈச்சங்காட்டுப்புதூரில் ஒரு வருஷத்துக்கு மேலாக எந்த வண்டி தண்ணி டேங்க் திருப்பத்துக்கு வந்தாலும் முப்பத்தெட்டைத்தான் காட்டியது. பஸ் வந்தாலும் முப்பத்தெட்டு, பால்காரர் மொபெட் வந்தாலும் முப்பத்தெட்டு, பஞ்சராகி ஓரமாக நின்ற ஆட்டோவிலும் முப்பத்தெட்டு. மீட்டர் செத்துப்போய் அதற்குள் பல்லி முட்டை போட்ட டிராக்டரில்கூட அந்த இடம் வந்ததும் முள் எழுந்து முப்பத்தெட்டில் நின்று, பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் எரிந்து, திருப்பம் தாண்டியதும் பழையபடி படுத்துக்கொள்ளும். முதலில் பயந்தார்கள், அப்புறம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதுவும் பழகிவிடும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கோகிலவாணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். நம்பர் பிளேட், கல்யாண வண்டிக்கு மாப்பிள்ளை பெண் பெயர், லாரி முன்கண்ணாடிக்குக் குலதெய்வத்தின் பெயர் எல்லாம் என் கையால் வெட்டி ஒட்டுவதுதான். அந்த முப்பத்தெட்டுக்கு முதன்முதலில் கோடு போட்டவளும் நான்தான். ஆகவே இதை நான் சொல்வதுதான் நியாயம். நடுவில் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோகனப்பிரியா நூல் மில் ஆபீசில் வேலை பார்த்தாள். அப்பா இல்லாத வீடு. அம்மா சாந்தாமணி அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவர். அந்தப் பெண் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், ஊர் வாயைத் திறந்துவிட்டது. பொட்டப்புள்ளைக்குக் கார் எதுக்குங்க, பஸ் ஓடலையா என்றார்கள், எங்கே கொண்டுபோய் முட்டப்போகுதோ என்றார்கள், கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டியதை இரும்பில் போட்டுவிட்டாள் என்றார்கள். அன்றைக்கு அவ்வளவு பெரிதாகத் திறந்த வாய் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் எல்லாம் சரியாக இருந்தது, மீட்டர் போர்டு ஒன்றுதான் மோசம். வெயிலில் வெளிறி, எண்கள் தேய்ந்து, உள்ளே பாதி பல்பு எரியாமல், பொழுது சாய்ந்துவிட்டால் எத்தனையில் போகிறோம் என்றே தெரியாது. வேகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அவள் அதைக் கழற்றினாள். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் இதைத்தான் அப்படியே தலைகீழாகப் புரட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற ஸ்குரூக்களைக் கழற்றி, முதுகுப்பக்கத்து ஒயரை உருவி, மீட்டர் போர்டைக் குளிப்பாட்டின குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையால் ஏந்திக்கொண்டு வந்து துண்டில் கிடத்தினாள். முள்ளைக் கழற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது சும்மா ஒரு தண்டின் மேல் அழுத்தி வைத்தது. எடுப்பதற்கு முன்னால் எந்த இடத்தில் ஓய்ந்து கிடந்தது என்று குறித்துக்கொள்ளாமல் பிடுங்கிவிட்டால், திரும்பச் சொருகும்போது இஷ்டத்துக்குப் பொய் சொல்லும். அவள் காகித டேப்பைக் கிழித்து ஒட்டி, பென்சிலைச் சீவிக் கோடு போட்டு, அதற்கப்புறம்தான் இரண்டு டீஸ்பூனை இரு பக்கமும் கொடுத்து மெல்ல நெம்பினாள். சாந்தாமணி அக்கா ஸ்பூன் போச்சே என்று சத்தம் போட்டுக்கொண்டே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் ஊசி மாற்றுகிற மாதிரிதான் இருக்குது என்று சொன்னார்.

முள்ளுக்கு அடியில் எண்கள் அச்சடித்திருந்த பழைய தாளை உரித்தெடுத்து என் கடைக்குக் கொண்டுவந்தாள். ஸ்கேன் எடுத்து, கோட்டின் மேல் கோடு வைத்து, ஒரு மயிரிழை நகராமல் கம்ப்யூட்டரில் வரைந்தோம். மஞ்சள் தரை, மயில்கழுத்து நீலத்தில் எண்கள். அதோடு விட்டாளா? பெட்ரோல் தீர்கிற இடத்தில் பொடி எழுத்தில் 'சோறு போட்டுட்டுப் போ' என்று போடச் சொன்னாள். எஞ்சின் சூடாகிற இடத்தில் 'தண்ணி குடி'. எண்பதுக்கு மேலே சிவப்பில் 'போதும் கண்ணு'. எல்லாம் அவள் அம்மா நாள் பூராவும் சொல்கிறவை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெடிக்கல்காரர் எட்டிப் பார்த்தார். மாட்டி முடித்துவிட்டு பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் போனில் வேகம் காட்டுகிற ஆப்பை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க, இருபதுக்கு இருபது, நாற்பதுக்கு நாற்பது, அறுபதுக்கு அறுபது, பிசகே இல்லை. எண்பது வரைக்கும் போய்ப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவள் அந்தச் சிவப்பெழுத்தைத் தட்டிக் காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

அடுத்த மாதம் விளக்கு வைக்கிற நேரத்தில், தண்ணி டேங்க் திருப்பத்தில், கல்குவாரியும் ஜல்லி கிரஷரும் வைத்திருக்கிற நாச்சிமுத்துவின் டிப்பர் ஒன்று நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் போலீஸ் செக்கிங் என்று போன் வந்தால் டிப்பர்கள் அங்கேதான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டோடு இருட்டாக நிற்கும். இது எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். விளக்கு இல்லை, பின்னால் ஒரு கல் வைக்கவில்லை, ஒரு வேப்பங்கொத்துகூடச் சொருகவில்லை. டிப்பரின் பின்பலகை காரின் கண்ணாடி உயரத்துக்கு இருக்கும். மெதுவாகப் போனாலும் ஒன்றுதான், வேகமாகப் போனாலும் ஒன்றுதான். அந்தப் பெண் போய்விட்டாள்.

ஸ்டேஷனில் எழுதினார்கள். டிப்பரில் விளக்கு எரிந்தது என்று எழுதினார்கள். அது கிடக்கட்டும், அடுத்த வரியைக் கேளுங்கள். வீட்டில் தானே கழற்றி மாற்றியமைத்த மீட்டர் தப்பாகக் காட்டியதால் வேகம் தெரியாமல் அதிவேகமாக வந்து மோதினாள் என்று எழுதினார்கள். வேகம் தெரிய வேண்டும் என்று ஸ்பூனும் டேப்புமாக நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தவளை, வேகம் தெரியாமல் செத்தாள் என்று! நான் போய்ச் சொன்னேன். பைபாஸில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன். நீதானே அம்மா அதைப் பிரிண்ட் போட்டது, நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சாந்தாமணி அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. நஷ்டஈடு பேச வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். எம் புள்ளை மேல அந்த வரி இருக்கற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது என்றார்.

நசுங்கிய காரிலிருந்து மீட்டர் போர்டை அக்காவே கழற்றிக்கொண்டு வந்து அதே மேஜையில் அதே துண்டின் மேல் வைத்தார். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. ஆனாலும் மஞ்சளாக எரிந்தது, முள் எழுந்து முப்பத்தெட்டில் நின்றது. அக்கா பார்த்தார், இத்தனையில்தான் வந்திருக்கிறாள் என்றார், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனார். மறுநாள் காலையில் முதல் பஸ் தண்ணி டேங்க் திருப்பத்தைத் தாண்டும்போது டிரைவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு கண்டக்டரைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினாராம். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிற கதை. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்? அடடா, அந்தப் பெண் இத்தனையில்தான் வந்திருக்கிறாள் என்று ஒரே ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார் தண்ணி டேங்குக்கு அடியில் காந்தப்பாறை இருக்கிறது என்றார். பழைய கார் விற்கிற புரோக்கர்கள் வண்டியை அங்கே ஓட்டி வந்து, பாருங்க, முப்பத்தெட்டு காட்டுது, மீட்டர் ஒரிஜினல், கை வைக்கலை என்று காட்டி வியாபாரம் முடித்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் கற்றுக்கொள்கிறவர்களை அங்கே நிறுத்தி, இதுதான் திருப்பத்துக்குத் தக்க வேகம் என்று பாடம் நடத்தினார். டிப்பர்க்காரர்கள் மட்டும் மீட்டர் கண்ணாடி மேல் சாமி படம் ஒட்டிக்கொண்டு தாண்டினார்கள். அந்தச் சாமி படத்தை வாங்க என் கடைக்கே வந்தார்கள், நான் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு துரத்தினேன்.

யாரோ ஒரு ஆட்டோக்காரர் அங்கே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். மறுநாள் கற்பூரம் எரிந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. மீட்டரம்மன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். புதுவண்டி வாங்கினவர்கள் ஷோரூமிலிருந்து நேராக அங்கே வந்து முப்பத்தெட்டு காட்டின பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள். வெள்ளியில் பொடிப்பொடியாக முள் செய்து காணிக்கை போட்டார்கள், பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பால்குடம் எடுத்தார்கள். காரு எதுக்குங்க என்று கேட்ட அதே பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி ஆக்கிவிட்டால் யாரும் சாட்சி ஆக வேண்டியதில்லை பாருங்கள். கும்பிடுவதற்குக் கை போதும், சொல்வதற்குத்தான் வாய் வேண்டும்.

அந்த வரியை அடிக்க அக்கா ஒரு வக்கீலைப் பார்த்தார். ஊரில் ஒருத்தர் வந்து சொன்னால் போதும் என்றார் அவர். டிப்பர்கள் அங்கே விளக்கை அணைத்துவிட்டு நிற்கும் என்பதை ஒருத்தர் வாயால் சொன்னால் போதும், கேஸ் நிற்கும் என்றார். சாந்தாமணி அக்கா வீடு வீடாகப் போனார், நானும் கூடப் போனேன். பஸ் டிரைவர், வேலை போய்விடும் என்றார். டீக்கடைக்காரர், கிரஷர் லோடு டிரைவர்களால்தான் கடை ஓடுகிறது என்றார். மில் சூப்பர்வைசர் அன்றைக்குத் தனக்குக் கண்வலி என்றார். கோயில் கமிட்டித் தலைவர் அக்காவைச் சேர் போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, சாமி சமாச்சாரத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா அம்மணி என்று கேட்டார். எல்லார் வாயிலும் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வீதியில் நின்று நான் கத்தினேன். ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

இதற்குள் செங்கல் இருந்த இடத்தில் கோயிலே எழும்பிவிட்டது. கல்லெல்லாம் யார் கொடுத்தது என்கிறீர்கள்? நாச்சிமுத்து. அவர் குவாரிக் கல், அவர் கிரஷர் ஜல்லி, அவர் டிப்பரில்தான் வந்து இறங்கியது. உபயம் என்று அவர் பெயரைப் பெரிய எழுத்தில் வெட்டித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் வெட்டவில்லை. டவுனில் போய் வெட்டிக்கொண்டு வந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் கமிட்டி சாந்தாமணி அக்கா வீட்டுக்குத் தாம்பூலத்தோடு வந்தது. மூலஸ்தானத்தில் வைக்க அந்த மீட்டர் போர்டு வேண்டுமாம். கர்ப்பகிரகத்தில் அதற்கென்று பெட்டி மாதிரி கல்லைக் குடைந்து வைத்திருக்கிறார்களாம். நான் வெடித்திருப்பேன். அக்கா தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, சரிங்க, நானே கொண்டு வர்றனுங்க என்றார்.

அந்தக் காரை அவர் காயலான் கடைக்குப் போடவில்லை. டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தார், அதிலேயே ஓட்டவும் பழகியிருந்தார். கும்பாபிஷேகத்தன்று காலையில் மகள் செய்த மாதிரியே துண்டோடு ஏந்திக்கொண்டு போய் மீட்டர் போர்டை அதன் இடத்தில் பொருத்தினார். ஒயரைச் சொருகினார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வண்டியைக் கிளப்பி, தண்ணி டேங்க் திருப்பத்துக்கு வந்து, ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். நல்ல வெயில், ஆனாலும் எல்லா விளக்கையும் போட்டார். பின்னால் இறங்கிப் போய் ரோட்டில் கல் வைத்தார், வேப்பங்கொத்துச் சொருகினார். எந்த வண்டிக்கும் தெரியாமல் போகக்கூடாது பார் கோகிலா என்றார்.

தீர்த்தக்குடத்தோடு ஊர்வலம் வந்தது. முன்னால் நாச்சிமுத்துவின் கறுப்புக் கார், பின்னால் டிப்பர்கள், பஸ், வேன், ஆட்டோ, ஜனம். எல்லா வண்டியிலும் மஞ்சள் வெளிச்சம், எல்லா முள்ளும் முப்பத்தெட்டில். நாதஸ்வரம் நின்றுவிட்டது. நாச்சிமுத்து கண்ணாடியை இறக்கினார். நெற்றி நிறையத் திருநீறு.

"ஓரங்கட்டும்மா சாந்தாமணி. நல்ல நேரம் போகுது."

"ஓரங்கட்டறனுங்க. உங்க மீட்டர்ல முள்ளு எத்தனைல நிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்லிப்போட்டுப் போங்க."

அதுதான் ஊருக்கே தெரியுமே என்று அவர் சிரித்தார். தெரியறது வேற, சொல்றது வேறங்க என்றார் அக்கா. சாமியை இப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று குருக்கள் குறுக்கே வந்தார். அது சாமி இல்லீங்க, எம் புள்ளை என்றார் அக்கா. அப்புறம் ஒவ்வொரு வண்டியாகப் போய் நின்றார். பஸ் டிரைவர் குனிந்து கியரைப் பார்த்தார். மில் வேனில் சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டீக்கடைக்காரர் மொபெட்டை உருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கண்ணுக்கு நேரே எரிகிற எண்ணைப் படித்துச் சொல்ல இத்தனை பேருக்கும் வக்கில்லை. நான் காருக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. அக்கா சுற்றிக்கொண்டு திரும்பவும் கறுப்புக் காருக்கே வந்தார். நாச்சிமுத்து மீட்டரைப் பார்க்கவேயில்லை, வெயில் அடிக்குது, ஒண்ணும் தெரியலை என்றார்.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் குணசீலன். அன்றைக்கு டிப்பரில் இருந்தவன் அவன்தான். விளக்கு எரிந்தது என்று கையெழுத்துப் போட்ட பிறகு அவனை டிப்பரிலிருந்து இறக்கி முதலாளி காருக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், ஏசி. தினமும் நாலு தடவை அந்தத் திருப்பத்தைத் தாண்டுகிறவன், தாண்டும்போதெல்லாம் முகத்துக்கு நேரே அந்த மஞ்சள் வெளிச்சம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினான்.

"முப்பத்தெட்டுங்க."

நாச்சிமுத்து டேய் என்றார். அவன் நிறுத்தவில்லை. "அன்னைக்கும் அவ்வளவுதாங்க. அந்தப் புள்ளை மெதுவாத்தான் வந்துச்சு. முன்னாடி செக்கிங்கு, லைட்டை அணைச்சுட்டு நில்லுன்னு போன் வந்துச்சுங்க. நின்னுட்டேன். லைட்டு எரியலைங்க, கல்லு வைக்கலைங்க."

"போன்ல சொன்னது ஆரு?" என்று அக்கா கேட்டார்.

"அண்ணன்தாங்க," என்று பக்கத்து சீட்டில் இருந்த நாச்சிமுத்துவைக் காட்டினான். கதவைத் திறந்து இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அவனை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் அவன் ஓடாமல் பிடித்துக்கொடுக்கலாம் என்றுதான் நானும் இறங்கினேன். அவர் அவனைத் தாண்டி எங்கள் காருக்கு வந்தார். கதவைத் திறந்து குனிந்து, மஞ்சள் தரையில் நின்றுகொண்டிருந்த முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டே மகளிடம் சொல்வது போலச் சொன்னார்.

"போதும் கண்ணு."

முள் இறங்கியது. முப்பதுக்கு, இருபதுக்கு, பத்துக்கு, அப்புறம் அவள் பென்சிலில் குறித்து வைத்த ஓய்விடத்துக்கு, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். கறுப்புக் காரிலும் பஸ்ஸிலும் டிப்பர்களிலும் முட்கள் படுத்துக்கொண்டன, மஞ்சள் வெளிச்சம் அணைந்தது. அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் போனதிலிருந்து அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குணசீலன் கோர்ட்டிலும் அதையே சொன்னான். அந்த வரியை அடித்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்து எனக்கும் சேர்த்துச் சோறு வடித்தார். கோயில் இருக்கிறது, கல்லைக் குடைந்த பெட்டி காலியாக இருக்கிறது. இப்போது எந்த வண்டியும் அந்த இடத்தில் தன் வேகத்தைத்தான் காட்டுகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கூட்டம் குறையவில்லை. அம்மனுக்கு எவ்வளவு சக்தி பாருங்க, கல்நெஞ்சுக்காரனையே பேச வெச்சுட்டாள் என்று என் கடைக்கு வந்தே சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பஸ் டிரைவர் இருக்கிறார், டீக்கடைக்காரர் இருக்கிறார், மில் சூப்பர்வைசரும் இருக்கிறார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருத்தரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். அம்மனும் இல்லை, சக்தியும் இல்லை. அவன் வாயால் அவன் பேசினான். வாய் உங்கள் எல்லாருக்கும் இருந்தது.